நனைஞ்சா பதறாதீங்க, சுவிட்சைப் போடாதீங்க

(நம் பகுதி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சிட்லபாக்கம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஆண்டு விழாவுல ஒவ்வொரு குழுவும் எல்லாருக்கும் பயன்படற மாதிரி ஒரு விஷயம் பேசணும்னு சொன்னாங்க. சத்துமாவு, வங்கிக் கடன், பெண் குழந்தை படிப்புன்னு நல்ல நல்ல தலைப்பெல்லாம் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. எங்க குழுவுல, "தண்ணி பட்ட மிக்ஸி, கிரைண்டர், போனை எப்படிக் காப்பாத்தறதுன்னு நீ பேசு"ன்னு என்னை அனுப்பிட்டாங்க.

நான் மதுராந்தகம் பக்கத்துல ஒரு கிராமத்துல பொறந்து, பத்தாவது வரைக்கும் படிச்சு, சிட்லபாக்கத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ. என் கொழுந்தனார் தாம்பரத்துல மோட்டார் வைண்டிங் கடையில வேலை பார்க்கிறார். 2015 வெள்ளம் வடிஞ்சதும் தெருவுல இருந்த மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் எல்லாம் எங்க வீட்டுத் திண்ணையில வரிசையா வந்து உட்கார்ந்துச்சு. அவர் பிரிச்சுக் கொடுக்கக் கொடுக்க, நான் கழுவித் துடைச்சுக் காயவெச்சேன். அப்புறம் 2021, அப்புறம் 2023. மூணு வெள்ளத்துல கை பழகினதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

நம்ம ஊர்க் கதை உங்களுக்குத் தெரியாதது இல்ல. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி பெய்த மழை, மறுநாள் காலையில கணக்குப் பார்த்தப்போ தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர்னு சொன்னாங்க. ஒன்றரை அடிக்கும் மேல வானத்துல இருந்தே விழுந்திருக்கு. அடுத்தது 2021 நவம்பர். நம்ம பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோட சேர்ந்த அதே மாசம், சிட்லபாக்கம் தெருவெல்லாம் மறுபடியும் குளம். அதுக்கப்புறம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். அப்போ அரசாங்கம் நிவாரணமா 6,000 ரூபாய் கொடுத்தாங்க. எங்க தெருவுல நெறைய பேருக்கு அதுல பெரிய பங்கு மெக்கானிக் கைக்குத்தான் போச்சு.

வெள்ளம் எப்பவாவது வரும். மாவு பொங்கி மிக்ஸிக்குள்ள இறங்கறதும், பால் பொங்கி இண்டக்‌ஷன் அடுப்புல வழியறதும், புள்ளைங்க டிவி ரிமோட் மேல காபி கொட்டறதும், துணி துவைக்கிற வாளிக்குள்ள போன் விழறதும் தினம் நடக்குது. வெள்ளத்துக்குச் செய்யற வைத்தியமும் வாளித் தண்ணிக்குச் செய்யற வைத்தியமும் அடிப்படையில ஒண்ணுதான். அதை இன்னைக்கு மனசுல பதிச்சுக்கிட்டா போதும்.

அந்த அடிப்படை என்னன்னா, சாமானைக் கெடுக்கறது பெரும்பாலும் வெறும் தண்ணி இல்ல. தண்ணி உள்ள இருக்கும்போதே நாம போடற கரண்ட்தான் கெடுக்குது.

எப்படின்னு சொல்றேன். பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பை வெச்சு மறந்துட்டா பச்சையா களிம்பு ஏறும் இல்லையா? ஈரமும் புளிப்பும் உப்பும் செம்பை அரிக்குது. அது ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி ஆகும். அதே ஈரத்துல கரண்டும் சேர்ந்தா, அந்த அரிப்பு சில நிமிஷத்துலயே ஆரம்பிச்சிடும். போன், டிவி, லேப்டாப் உள்ள இருக்கிற பலகையில தலைமுடி மாதிரி மெல்லிசா செம்புக் கோடுகள் ஓடும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு சொட்டு உப்புத்தண்ணி நின்னா, கரண்ட் போகக்கூடாத வழியில போகும். பலகை கருகும், இல்ல அரிச்சுப்போகும். கரண்ட் இல்லாம இருந்தா அதே சொட்டுத் தண்ணி பெரும்பாலும் காஞ்சு போயிடும்.

அதனாலதான் "வேலை செய்யுதான்னு ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே"ங்கிற அந்த ஒரு விரல், நூறு லிட்டர் தண்ணியை விட அதிக நஷ்டம் பண்ணுது. பதறாத காரியம் சிதறாதுன்னு நம்ம பெரியவங்க சொன்னது இதுக்கு அப்படியே பொருந்தும்.

சரி, நனைஞ்சா என்ன செய்யணும்? ஆறு வேலை. வரிசை மாறக்கூடாது. கரண்டை நிறுத்தறது, தண்ணியை வடிக்கிறது, அழுக்கைக் கழுவறது, காயவைக்கிறது, சோதிக்கிறது, அதுக்கப்புறம்தான் சுவிட்ச்.

முதல் வேலை கரண்டை நிறுத்தறது. இதுல சாமானை விட நம்ம உயிர் பெரிசு. வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா, நனைஞ்ச கையோட, வெறுங்காலோட எந்த சுவிட்சையும் தொடாதீங்க. மெயின் இருக்கிற இடம் காஞ்சிருந்தா, தண்ணியில நிக்காம போக முடிஞ்சா மட்டும் மெயினை ஆஃப் பண்ணுங்க. மீட்டர் பெட்டி நனைஞ்சிருந்தாலோ, தண்ணியில இறங்கித்தான் போகணும்னாலோ கிட்டயே போகாதீங்க. லைன்மேனைக் கூப்பிடுங்க. மின்வாரியத்தோட மின்னகம் எண் 94987 94987. 24 மணி நேரமும் எடுப்பாங்க. இந்த எண்ணை இப்பவே போன்ல போட்டு வெச்சுக்கோங்க.

இன்னொரு ஆபத்து நெறைய பேருக்குத் தெரியாது. வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா, மெயினை ஆஃப் பண்ணாலும் அது பேட்டரியில இருந்து கரண்ட் கொடுத்துக்கிட்டே இருக்கும். "மெயின்தான் ஆஃப் ஆச்சே"ன்னு நனைஞ்ச பிளக்கைப் பிடுங்கப் போனா அடிக்கும். மெயினோட இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணணும். இன்வெர்ட்டரே தண்ணியில நின்னா எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. யாரையாவது கரண்ட் பிடிச்சுக்கிட்டா, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, நம்மளையும் சேர்த்துப் பிடிக்கும். மெயினை நிறுத்துங்க. முடியலன்னா காஞ்ச கட்டையாலயோ பிளாஸ்டிக் நாற்காலியாலயோ தள்ளி விட்டு, 108-க்குப் போன் போடுங்க.

வெள்ளம் இல்லாம சும்மா காபி கொட்டினதுன்னா வேலை சுலபம். சாமானை நோண்டாம முதல்ல சுவத்துல இருக்கிற சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்குங்க. பேட்டரி கழட்டற மாதிரி இருந்தா கழட்டிடுங்க.

ரெண்டாவது, வடிக்கிறது. எந்தப் பக்கமா தண்ணி போச்சோ அந்தப் பக்கமாவே திரும்பி வரட்டும். குலுக்காதீங்க. குலுக்கினா ஒரு மூலையில இருக்கிற தண்ணி எல்லா மூலைக்கும் போகும். சாய்ச்சு, துணி மேல கவுத்து வைங்க.

மூணாவது, கழுவறது. இதைச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. "நனைஞ்சதை மறுபடியும் நனைக்கிறதா?"ன்னு கேக்கறாங்க. ஆமாம். நல்ல மழைத்தண்ணி பட்டது காஞ்சா அவ்வளவா ஒண்ணும் மிச்சம் இருக்காது. ஆனா காபி காஞ்சா சர்க்கரைப் பிசின் நிக்கும். மாவு காஞ்சா சிமெண்ட் மாதிரி இறுகும், புளிச்சும் போகும். இளநீர், குழம்பு, கடல்தண்ணி காஞ்சா உப்பு நிக்கும். அந்த உப்பு அடுத்த மழைக்காலத்துல காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து மறுபடியும் அரிக்கும். நம்ம தெருவுல வந்த வெள்ளம் வெறும் மழைத்தண்ணியும் இல்ல. சேறும் சாக்கடையும் கழிவுத்தொட்டித் தண்ணியும் கலந்தது. அதை அப்படியே காயவிட்டா சாமானும் கெடும், கைக்கும் நோய் வரும். கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடணும்.

கழுவறதுன்னா குழாய்க்கு அடியில பிடிக்கிறது இல்ல. வெளி உடம்பு, ஜார், மூடி, ரிமோட்டோட ரப்பர் பட்டன் இதெல்லாம் நீங்களே நல்ல தண்ணியில கழுவலாம். உள்ள இருக்கிற பலகையைத் தெரிஞ்சவங்கதான் தொடணும். அவங்க பழைய பல் துலக்கும் பிரஷ்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பாங்க. மொபைல் ஸ்பேர் விக்கிற கடையில ஐ.பி.ஏ.ன்னு கேட்டா கொடுப்பாங்க. அது தண்ணியையும் சேர்த்து இழுத்துக்கிட்டு சீக்கிரம் ஆவியாயிடும். ஆனா தீப்பிடிக்கிற சாமான். விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி பக்கத்துல வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைங்க. அதுக்குப் பதிலா கை கழுவற சானிடைசரை ஊத்தாதீங்க, அதுல தண்ணியும் பிசுபிசுப்பும் இருக்கு. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் கூடவே கூடாது.

நாலாவது, காயவைக்கிறது. இங்கதான் நம்ம பொறுமை தோத்துப் போகுது. வெளியில தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். ஜீன்ஸ் பேன்ட்டைக் கொடியில போட்டா துணி காஞ்சாலும் இடுப்புப் பட்டையும் பாக்கெட் மடிப்பும் ஈரமா இருக்கும் பாருங்க, அதே மாதிரி சிப்புக்கு அடியிலயும் காயில் சுத்துக்கு நடுவுலயும் தண்ணி ஒளிஞ்சிருக்கும். அது வெளிய வர நேரம் வேணும். காத்து ஓடணும். கார்த்திகை மாசம் நம்ம ஊர்ல வெயிலே வராது, காத்துலயும் ஈரம். அதனால டேபிள் ஃபேன் காத்துதான் நமக்குத் துணை. வெயில் வந்தா மோட்டாரை வெயில்ல வைக்கலாம். போன், லேப்டாப், டிவி, பேட்டரி இருக்கிற எதையும் உச்சி வெயில்ல வைக்கக்கூடாது. அடுப்புப் பக்கத்துல வைக்கிறது, இட்லிப் பாத்திரத்து மேல வைக்கிறது, ஹேர் டிரையர் பிடிக்கிறது எல்லாம் வேண்டாம். சூட்டுல பிளாஸ்டிக் நெளியும், பேட்டரி உப்பும்.

புதுப் பை, செருப்புப் பெட்டி, மாத்திரை டப்பாவுல குட்டி குட்டிப் பொட்டலமா வருமே, "சாப்பிடாதே"ன்னு எழுதியிருக்குமே, சிலிக்கா ஜெல். அதைத் தூக்கிப் போடாம சேர்த்து வைங்க. எவர்சில்வர் சம்படத்துல பத்துப் பதினைஞ்சு பொட்டலத்தோட போனையோ ரிமோட்டையோ வெச்சு மூடினா, சுத்தி இருக்கிற ஈரத்தை அது இழுக்கும். குழந்தைங்க கைக்கு எட்டாம பார்த்துக்கோங்க.

அரிசி டப்பாவுல போனைப் போடற பழக்கம் எல்லார் வீட்டுலயும் இருக்கு. அரிசி அதைச் சுத்தி இருக்கிற காத்துல கொஞ்சம் ஈரத்தை எடுக்கலாம், அவ்வளவுதான். போனுக்குள்ள ஒட்டிக்கிட்டிருக்கிற தண்ணியை அது உறிஞ்சி எடுக்காது. தவிட்டுத் தூளும் குருணையும் சார்ஜர் ஓட்டைக்குள்ள போய் அடைச்சுக்கும். ஐபோன் தயாரிக்கிற ஆப்பிள் கம்பெனியே 2024-ல அரிசியில போடாதீங்கன்னு சொல்லிடுச்சு. அரிசியைச் சோத்துக்கு வைங்க.

இப்போ ஒவ்வொரு சாமானா வர்றேன்.

மிக்ஸி. நம்மள்ல பாதிப் பேர் வீட்டுல 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல கிடைச்ச விலையில்லா மிக்ஸி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. மிக்ஸிக்கு எதிரி மேல இருந்து வர்ற தண்ணி இல்ல, ஜாரோட அடி. பிளேடுக்குக் கீழ இருக்கிற புஷ் தேஞ்சா, சட்னித் தண்ணி சொட்டுச் சொட்டா கப்ளர் வழியா மோட்டாருக்குள்ள இறங்கும். ஜாரைத் தூக்கினா அடியில கறுப்பா மை மாதிரி கசிவு தெரிஞ்சா அதுதான் அறிகுறி. உடனே ஜாரை மாத்துங்க, இல்ல புஷ்ஷை மாத்துங்க. மோட்டார் சுத்தறதை விட அது ரொம்ப மலிவு. நெறைய மிக்ஸியில கப்ளரைச் சுத்தி வழியற தண்ணி கீழ இறங்கிப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மாவு காஞ்சு அது அடைச்சிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு வாரம் ஒரு தடவை ஈர்க்குச்சியால சுத்தம் பண்ணுங்க. உள்ள மாவு போயிடுச்சுன்னா பிளக்கைப் பிடுங்கி, கவுத்து வெச்சு, துடைச்சு, ரெண்டு மூணு நாள் ஃபேன் காத்துல விடுங்க. அடியில இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கி அமுக்கி ஓட்டிப் பார்க்காதீங்க. அந்த பட்டன் மோட்டாரைக் காப்பாத்தத்தான் விழுந்திருக்கு.

கிரைண்டர். கல்லைக் கழுவும்போது சொம்பு சொம்பா ஊத்தறோம். நடுத்தண்டு வழியா தண்ணி கீழ மோட்டாருக்குப் போகும். கழட்டற டிரம்மா இருந்தா கழட்டிக்கிட்டுப் போய்க் கழுவுங்க. சாய்க்கிற கிரைண்டரா இருந்தா கொஞ்சமா ஊத்தித் துணியால துடைச்சு எடுங்க. உடம்பைத் தொட்டா லேசா சுர்ருன்னு இழுத்தா, "ஈரக்கை, அதான்"னு விட்டுடாதீங்க. உள்ள ஈரம் இருக்கு, இல்ல எர்த் இல்லன்னு அர்த்தம். மூணு முள் பிளக்குல மேல இருக்கிற தடிமனான முள்தான் எர்த். பிளக் நுழையலைன்னு அதை உடைச்சுட்டு ரெண்டு முள்ளுல ஓட்டறவங்க தயவுசெஞ்சு இன்னைக்கே மாத்துங்க.

வெள்ளத்துல முழுசா முங்கின மோட்டாரை வீட்டுல காயவெச்சதும் ஓட்டக்கூடாது. வைண்டிங் கடையில பிரிச்சு, இதமான சூட்டுல உலர்த்தி, மெக்கர்னு ஒரு கருவி வெச்சுப் பார்ப்பாங்க. காயிலுக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு மெகா ஓம் தடை காட்டணும். அதுக்குக் கீழ காட்டினா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். "மெக்கர் வெச்சுப் பார்த்தீங்களா அண்ணா?"ன்னு நீங்க கேட்டாலே அவருக்குத் தெரிஞ்சிடும், இந்தம்மாவுக்கு விஷயம் தெரியும்னு.

ஃப்ரிட்ஜ். கம்ப்ரசர் மூடி ஒட்டின சாமான், அதுக்குள்ள சுலபத்துல தண்ணி போகாது. அதோட பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற ரிலே பெட்டியும் புது மாடல்ல இருக்கிற பலகையும்தான் நனையும். மெக்கானிக் அதைப் பார்த்துச் சொல்ற வரைக்கும் போடாதீங்க. கதவைத் திறந்து வெச்சு, உள்ள சோடா உப்புத் தண்ணியில துடைங்க. வெள்ளத்தண்ணி தொட்ட சாப்பாட்டைத் தூக்கிப் போட யோசிக்காதீங்க. ஃப்ரிட்ஜைப் படுக்க வெச்சுத் தூக்கியிருந்தா, நிமிர்த்தி வெச்சுச் சில மணி நேரம் கழிச்சுத்தான் போடணும்.

டிவி. திரையைத் துடைக்க நேரா ஸ்ப்ரே அடிக்காதீங்க. தண்ணி வழிஞ்சு கீழ் விளிம்புக்குள்ள போகும். அங்கதான் மெல்லிய பட்டைகள் இருக்கு, அது நனைஞ்சா திரையில கோடு விழும். துணியை நனைச்சு நல்லா பிழிஞ்சு துடைச்சா போதும். பழைய பெட்டி டிவி இன்னும் வெச்சிருக்கிறவங்க நனைஞ்சாலும் அதோட பின்பக்கத்தைத் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள உயர்ந்த வோல்ட்டேஜ் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் ஓவனும் அப்படித்தான்.

இண்டக்‌ஷன் அடுப்பு. பால் பொங்கினா பதறி ஈரத்துணியோட பாயாதீங்க. சுவிட்சை நிறுத்தி, ஆறினதும் துடைங்க. அடியில ஃபேன் காத்து இழுக்கிற ஓட்டை இருக்கு. தரையில வெச்சு சமைச்சா, தரை கழுவற தண்ணியை அது இழுத்துக்கும். மேடையில வைங்க.

போன். ஆஃப் பண்ணுங்க. கவர், சிம் தட்டு, மெமரி கார்டு கழட்டுங்க. சார்ஜர் ஓட்டை கீழ பார்க்கிற மாதிரி சாய்ச்சு, உள்ளங்கையில லேசா தட்டுங்க. ஓட்டைக்குள்ள பஞ்சு, ஊக்கு எதுவும் விடாதீங்க. ஒரு நாளாவது, முடிஞ்சா ரெண்டு நாள் ஃபேன் காத்துல வைங்க. அதுவரைக்கும் சார்ஜ் போடவே கூடாது. "தண்ணி புகாத போன்"னு விளம்பரத்துல ஐ.பி. 67-னு போட்டிருப்பாங்க. அது ஒரு மீட்டர் நல்ல தண்ணியில அரை மணி நேரம்னு சோதிச்சது. சோப்புத் தண்ணிக்கும் சாக்கடைக்கும் அது பொருந்தாது. பேட்டரி உப்பியிருந்தா அமுக்காதீங்க, குத்தாதீங்க, குப்பையில போடாதீங்க. கடைக்காரர்கிட்ட கொடுத்துடுங்க.

புள்ளைங்க லேப்டாப். டீ கொட்டினா, "ஹோம்ஒர்க் சேவ் பண்ணிக்கிறேன்மா"ன்னு சொன்னாலும் விடாதீங்க. சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஆஃப் ஆகிற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. திறந்து, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி கவுத்து வைங்க. டீயில சர்க்கரை இருக்கிறதால காஞ்சாலும் பிரிச்சுக் கழுவத்தான் வேணும். கடையில கீபோர்டை மட்டும் மாத்தினா போற செலவு, அன்னைக்கே ஆன் பண்ணினா மதர்போர்டு வரைக்கும் போயிடும்.

தையல் மெஷின் மோட்டார். நம்ம குழுக்கள்ல தைக்கிறவங்க அதிகம். வெள்ளத்துல முதல்ல நனையறது கால்ல அமுக்கற பெடல், ஏன்னா அது தரையில கிடக்கு. மழைக்காலத்துல தைச்சு முடிச்சதும் பிளக்கைப் பிடுங்கி, பெடலைத் தூக்கி மெஷின் மேல வைங்க. ஒரு நிமிஷ வேலை.

காப்பாத்தக் கூடாத சாமானும் சிலது இருக்கு. வெள்ளத்துல முங்கின எக்ஸ்டென்ஷன் பெட்டி, சார்ஜர், ட்ரிப்பர் சுவிட்ச் இதையெல்லாம் காயவெச்சுப் பயன்படுத்தாதீங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ள துரு ஏறி ஒரு நாள் நெருப்பு பிடிக்கும். சில நூறு ரூபாய்க்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

அக்கா தங்கச்சிங்களே, இதையெல்லாம் ஏன் குழுக் கூட்டமைப்பு விழாவுல பேசணும்? எலக்ட்ரீஷியன் வேலையைப் பத்தி நமக்கு என்னன்னு சிலர் நினைக்கலாம்.

மிக்ஜாம் புயல்ல எங்க பக்கத்துல நடந்ததைச் சொல்றேன். மாவு அரைச்சு விக்கிற ஒரு அக்கா, குழுவுல உள்கடன் 15,000 ரூபாய் வாங்கி கிரைண்டர் போட்டிருந்தாங்க. முழங்கால் தண்ணி. வடிஞ்சதும் வாடிக்கைக்காரங்க, "மாவு எப்போ, மாவு எப்போ"ன்னு வாசல்ல நிக்கிறாங்க. வீட்டுக்காரர், "போட்டுத்தான் பாரேன்"ங்கிறார். அந்த அக்கா பிளக்கைத் தன் புடவை முந்தானையிலயே முடிஞ்சு வெச்சுக்காத குறையா யாரையும் தொட விடல. அஞ்சு நாள் கழிச்சு கடையில பிரிச்சுப் பார்த்தாங்க. பேரிங்கும் கெப்பாசிட்டரும் மட்டும் மாத்தினாங்க. மோட்டார் அப்படியே இருந்துச்சு. அடுத்த வாரமே மாவு வியாபாரம் நடந்துச்சு, தவணையும் தவறல. அதே தெருவுல இன்னொரு வீட்டுல தண்ணி வடிஞ்ச அன்னைக்கே ஃப்ரிட்ஜைப் போட்டாங்க. பலகை புகைஞ்சு போச்சு. அது வெறும் ஃப்ரிட்ஜ் இல்ல, பால் பாக்கெட்டும் தயிரும் வெச்சு விக்கிற பொழைப்பு. ரெண்டு மாசம் தவணை நின்னு, குழுவுல மனஸ்தாபம் வரைக்கும் போச்சு.

நமக்கு கிரைண்டர்ங்கிறது சமையல் சாமான் மட்டும் இல்ல. அது கடன். அது தவணை. அது புள்ளையோட ஸ்கூல் ஃபீஸ். ஒருத்தர் தவணை நின்னா பன்னெண்டு பேரோட நம்பிக்கை ஆடும். ஒரு மோட்டாரை அஞ்சு நாள் காயவெக்கிற பொறுமை, நம்ம குழுவோட வரவு செலவுப் புத்தகத்துலயும் தெரியும்.

அதனால கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பெட்டி தயார் பண்ணணும். ஒரு டெஸ்டர், ரெண்டு ஸ்க்ரூ டிரைவர், ரப்பர் கையுறை, பழைய பிரஷ், ஒரு பாட்டில் ஐ.பி.ஏ., சேர்த்து வெச்ச சிலிக்கா ஜெல் பொட்டலம். பத்துப் பன்னெண்டு பேர் பங்கு போட்டா ஆளுக்குப் பெரிய செலவு ஆகாது. ஊக்குநர் வீட்டுல, உயரமான இடத்துல இருக்கட்டும்.

ரெண்டு, மழைக்கு முந்தின மாதக் கூட்டத்துல பழுது பார்க்கிறதுக்குன்னு ஒரு சின்ன உள்கடன் தீர்மானம் போட்டு வைக்கணும். வெள்ளம் வந்த பிறகு கூட்டம் கூட்ட முடியாது. அப்போ கையில பணம் இல்லாததாலதான் நெறைய பேர் மெக்கானிக்கிட்ட போகாம, தாங்களே சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறாங்க. வாங்கின சாமானோட பில்லையும், அடியில ஒட்டியிருக்கிற நம்பர் ஸ்டிக்கரையும் போன்ல படம் எடுத்துக் குழு வாட்ஸ்அப்ல போட்டு வைங்க. தண்ணியில பில்லு போனாலும் படம் இருக்கும்.

மூணு, வீட்டுல எல்லாரும் உயிர் காக்கிற ட்ரிப்பர் போடணும். ஆர்.சி.சி.பி.ன்னு சொல்வாங்க. கரண்ட் கசிஞ்சு, உடம்பு வழியா போனாக் கூட, கண் இமைக்கிற நேரத்துல அது கட் பண்ணிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்னு கேட்டு வாங்குங்க. அதுல 'டி'ன்னு ஒரு சோதனை பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை, குழுக் கூட்டத்துக்குக் கிளம்பற அன்னைக்கு அமுக்கிப் பாருங்க. பட்டுன்னு விழுந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். சுவிட்ச் போர்டு தாழ்வா இருக்கிற வீட்டுல சொந்த வீடா இருந்தா இடுப்புக்கு மேல ஏத்துங்க. வாடகை வீடா இருந்தா வீட்டு ஓனர்கிட்ட கேளுங்க, குழுவா சேர்ந்து போய்க் கேட்டா பதில் வேற மாதிரி வரும்.

நம்ம ஏரி நெறைஞ்சு செம்பாக்கம் பக்கம் போகிற தண்ணிக்கு வழி விடறது அரசாங்கத்தோட வேலை. அதுக்கு மனு கொடுக்கிறதை நாம நிறுத்தக்கூடாது. ஆனா தண்ணி வீட்டுக்குள்ள வந்துட்டா, அடுத்த அஞ்சு நாள் நம்ம கையிலதான் இருக்கு. தண்ணியைத் தடுக்க நம்மால முடியாம போகலாம். சுவிட்ச் மேல போற விரலைத் தடுக்க நம்மால முடியும். நிறுத்து, வடி, கழுவு, காயவை, சோதி, அப்புறம் போடு. இந்த ஆறையும் வீட்டுல மருமகளுக்கும் மாமியாருக்கும் புள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுங்க. முக்கியமா வீட்டு ஆம்பளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க, முதல்ல போட்டுப் பார்க்கிறது அவங்கதான்.